டேப்பில் மிச்சம் இருந்த இடம்

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டு ஏறக்குறைய 43 நிமிடம் ஓடும். என் கேசட்டில் அது 42 நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தொடக்கத்திலிருந்து கடைசிவரை எல்லாமே கொஞ்சம் வேகம், கொஞ்சம் உச்சம். சங்கீதக்காரர்கள் கணக்கில் சொன்னால் சுருதி கால் கட்டை ஏறியிருந்தது. அந்த இசையே அப்படித்தான் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். இளமையில் கேட்ட ராக் இசைக்காக ஏங்குகிறோம் என்று என் வயதுக்காரர்கள் சொல்லிக்கொள்கிறோமே, அந்த ஏக்கம் உண்மையில் எதன்மீது என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் கால் கட்டைதான்.

1980-இல் தெற்கிலிருந்து கல்லூரிக்காகச் சென்னை வந்தேன். மயிலாப்பூரில் அத்தை வீட்டில் இருந்து படித்தேன். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் ஒன்று அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தது. இரவு எல்லோரும் படுத்த பிறகு அதில் சிற்றலையைத் திருகி இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைப் பிடிப்பேன். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி வருவது. ஒரே அலை வெவ்வேறு வழிகளில் வந்து சேரும்போது ஒன்றையொன்று கூட்டும், கழிக்கும். அதனால் பாட்டு பெருகி வரும், தேய்ந்து போகும், மறுபடி பெருகும். லெட் ஸெப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை முதலில் அப்படித்தான் கேட்டேன். அந்த ஏற்ற இறக்கத்தையும் அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ்தான் வாசிக்கிறார் என்று நம்பினேன்.

அந்தப் பாட்டு வெளிவந்தது 1971-இல். நான் சென்னைக்கு வந்த வருஷம் செப்டம்பரில் ஸெப்பலினின் டிரம்மர் ஜான் பானம் இறந்துபோனார். டிசம்பரில் குழு கலைந்தது. அதே டிசம்பர் 8-ஆம் தேதி நியூயார்க்கில் ஜான் லென்னன் சுட்டுக் கொல்லப்பட்டார். லண்டனில் பங்க் அலை வந்து அடித்து ஓய்ந்திருந்தது. அடுத்த ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. டீப் பர்ப்பிள் குழுவின் 'இன் ராக்' 1970, 'டார்க் சைட்' 1973. பிறந்த ஊரில் பழசாகிவிட்ட தட்டுகள் எங்கள் கைக்குப் புதுசாக வந்து சேர்ந்தன. ஆக, என் இளமையின் இசை என்று நான் சொல்லிக்கொள்வது, எனக்குப் பத்து வயது மூத்தவர்களின் இளமைக்காகச் செய்யப்பட்டது. இது எனக்குக் குறையாகப் பட்டதில்லை. யாரும் எங்களிடம் இதைக் கேள் என்று விற்க வரவில்லை. பத்திரிகையும் போஸ்டரும் சொல்லாததைக் காதுதான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு ஆங்கிலம் படிக்க வரும். பாட்டாகக் காதில் விழுந்தால் புரியாது. அதனால் வரிகளை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டேன். 1980-இல் வந்த 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் பாடிய அந்தக் கிட்டார் பாட்டு தெருவுக்குத் தெரு ஒலித்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் இளையராஜாவின் பேஸ், இரவு வானொலியில் ஸெப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ் வாசித்த பேஸ். இரண்டும் என் காதில் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சென்னையில் ராக் வாசித்த பையன்களில் பலர் பிறகு கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போனார்கள். ரஹ்மான்கூட நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழு நடத்தியவர்தான். இந்த நகரத்தில் இரண்டு இசைக்கும் நடுவே பெரிய மதில் எதுவும் இருந்ததில்லை.

கேசட் கதைக்கு வருகிறேன். அப்போது தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். ஆங்கில இசைக்கென்று இருந்தவை வெகு சில. அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது நான் போன கடை. ஒரு டர்ன்டேபிள், ஒரு டெக், சுவர் முழுக்க எல்பிக்கள். கிராமபோன் கம்பெனி கல்கத்தா டம் டம் ஆலையில் அச்சிட்டவை கொஞ்சம், கப்பலில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தவை கொஞ்சம், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பொறுக்கியவை மீதி. அந்த மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. எத்தனை தட்டுகள் அதோடு உருகினவோ!

கடைக்காரருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது அதிகம் இருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணன். பர்மா பஜாரில் வாங்கிய சி-60 டிடிகே கேசட்டைக் கொடுத்து 'டார்க் சைட்' கேட்டேன்.

"சி-90 வாங்கியிருந்தா ஒரே பக்கத்துல முழுசா அடங்கியிருக்குமே அண்ணே?"

"அதுல டேப் மெலிசு தம்பி. உங்க செட்டுல சிக்கிக்கிச்சுன்னா பாட்டும் போச்சு, காசும் போச்சு. இதுவே இருக்கட்டும்."

அவர் சொன்னது சரி. சி-60 நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12. ஆனால் சி-60-இல் பக்கத்துக்கு 30 நிமிடம்தான். அதனால் 'அஸ் அண்ட் தெம்' பாட்டு பாதிக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது நாடா தீர்ந்து 'டக்' என்று நின்றுவிடும். அடுத்த பக்கத்தில் அண்ணன் முள்ளைக் குத்துமதிப்பாக வைத்திருந்தார். ஒன்றிரண்டு வரி இடையில் காணாமல் போயிருந்தது. தட்டு முழுதும் முடிந்தபோது இரண்டாம் பக்கத்தில் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் இடம் மிச்சம். அதில் அவராகவே இரண்டு பாட்டுகளைப் போட்டுத் தந்தார். முதலில் டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்', பிறகு 'ஸ்டேர்வே'.

நான் கேட்காத பாட்டு ஏன் என்று விசாரித்தேன்.

"டேப்பைச் சும்மா விடக் கூடாதுல்ல. அதுக்காக எதையாவது போட முடியுமா? இந்தத் தட்டு நெஞ்சு துடிக்கிற சத்தத்தோட அடங்குது. அதுக்குப் பின்னாடி டமால்னு எதுவும் வரக் கூடாது. ஆர்கன்ல மெதுவா ஆரம்பிக்குதே, அதனால இது."

கூலிக்குப் பதிந்து கொடுத்தவர். அவசரத்தில் அடுத்தவர் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் ஒரு தட்டு எப்படி முடிகிறது, அதன் பிறகு எது வரலாம் என்று யோசித்திருக்கிறார். 'சைல்ட் இன் டைம்' தொடக்கத்து ஆர்கன் மெட்டு, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழு 1969-இல் வெளியிட்ட 'பாம்பே காலிங்' என்ற இசையிலிருந்து பிறந்தது என்று பின்னாளில் தெரிந்துகொண்டபோது, ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்குள் கடை இல்லாமல் போயிருந்தது.

அந்தக் கேசட்டை நான் பகலில் போடத் தொடங்கியபோதுதான் அத்தை உள்ளே வந்தார். அத்தை வீணை கற்றவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். சத்தத்துக்குத் திட்டப் போகிறார் என்று கையைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டேன். அப்போது ஓடிக்கொண்டிருந்தது 'மனி'. கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை, சில்லறை விழும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை எல்லாம் ஒரு சுழலாக வந்து, அதன்மேல் பேஸ் நுழையும் பாட்டு. அத்தை அரிசி களைந்த கையோடு நின்று கேட்டார். பிறகு ஈரக் கையாலேயே தொடையில் தட்ட ஆரம்பித்தார்.

"ஏழுடா இது. மிஸ்ர சாப்புல போறான். தகிட தகதிமி, தகிட தகதிமி... பாரு, சரியா வந்து உக்காருது."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பாட்டு ஏதோ நொண்டுகிறது என்று மட்டும் பட்டிருந்தது. சாக்ஸஃபோன் வந்தது, ஏழு மாறவில்லை. கிட்டார் தனி தொடங்கிய இடத்தில் அத்தையின் கை தடுமாறி நின்றது.

"நாலுக்குப் போயிட்டான். ஏன்டா மாத்துறான்?"

தனி முடிந்து மறுபடி ஏழுக்கு வந்ததும் அத்தையின் முகத்தில் வந்த நிறைவை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சபாவில் தனியாவர்த்தனம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது ரசிகர்கள் தலையசைப்பார்களே, அந்த அசைவு. அதன் பிறகு 'அந்த ஏழைப் போடு' என்று அவரே கேட்பதுண்டு. வார்த்தை ஒன்றும் அவருக்குப் புரியாது, புரிய வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

தொண்ணூறுகளில் வேலையில் அமர்ந்து, கையில் காசு புழங்கியதும் 'டார்க் சைட்' சிடி வாங்கினேன். இசைக்காரர்களுக்குச் சேர வேண்டியதை அந்தக் கேசட் சேர்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடனைத் தீர்க்கும் நிறைவும் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டேன். எல்லாம் துல்லியம். இரைச்சல் இல்லை, வெட்டு இல்லை. ஆனால் பாட்டு எதுவும் எனக்குத் தெரிந்த பாட்டாக இல்லை. குரல் கனத்து, தாளம் சோர்ந்து, ஏதோ களைத்துப்போன குழு வாசிப்பதுபோல இருந்தது. என் காது மங்கிவிட்டதோ, மனசு மங்கிவிட்டதோ என்று கலங்கினேன். இளமை போய்விட்டது, அதனால் இசையும் போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

ரிச்சி தெருவில் டெக் பழுது பார்க்கும் ஒருவரிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கேசட்டை வேறு வேறு டெக்குகளில் போட்டுக் காட்டினார். எல்லாவற்றிலும் அதே வேகம்.

"உங்க செட்டுல கோளாறு இல்ல சார். இதைப் பதிஞ்ச டெக்குல பெல்ட் தளர்ந்திருக்கும். அது மெதுவா ஓடிப் பதிஞ்சிருக்கு. சரியா ஓடுற டெக்குல போட்டா வேகமாத்தான் கேக்கும்."

கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அதில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்தால் நூற்றுக்கு மூன்று பிசகு. அரைக் கட்டைக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு என்பதால், மூன்று என்றால் கால் கட்டை. மாடிப்படிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இளகிப்போயிருந்ததற்கு, என் வாழ்க்கையின் ஒரு பகுதி முழுதும் சுருதி ஏறி ஒலித்திருக்கிறது.

அதற்குப் பிறகும் நான் தேடுவதை நிறுத்தவில்லை. 2002-இல் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் வந்தபோது போனேன். எழுதியவரே, பாடியவரே எதிரில் நிற்கிறார். சுற்றிலும் என் வயது ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் 'டார்க் சைட்' தட்டின் கடைசிப் பாட்டான 'எக்ளிப்ஸ்' முடிந்த கணத்தில் என் காது அவரை விட்டுவிட்டு 'சைல்ட் இன் டைம்' தொடக்கத்தில் வரும் ஜான் லார்டின் ஆர்கனுக்காகக் காத்திருந்தது. அத்தனை ஆயிரம் பேரில் அந்த இடத்தில் அந்த ஆர்கனை எதிர்பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே மாடிப்படிக் கடை அண்ணனின் நினைவு அப்படி ஒரு வேகத்தோடு வந்தது.

அசல் பதிப்பு என்று ஒன்றை எங்களுக்கு மறுபடி மறுபடி விற்கிறார்கள். 'டார்க் சைட்' ஒன்றுக்கே 1973-இல் ஆலன் பார்சன்ஸ் செய்த நான்கு வழி ஒலிக்கலவை, 2003-இல் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1 கலவை, 2023-இல் பொன்விழாப் பெட்டி என்று வரிசை நீள்கிறது. அமெரிக்காவில் 2020-இல் எல்பி விற்பனை வருமானம் 1986-க்குப் பிறகு முதல்முறையாக சிடியைத் தாண்டியது. வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அவர்கள் விற்கும் அசல் என்னிடம் எப்போதும் இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றை எனக்கு எப்படித் திருப்பித் தர முடியும்?

அந்தத் தட்டு உருவான விதத்தைப் படித்தபோது இன்னொன்றும் விளங்கியது. லண்டன் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 'மனி'யின் அந்த ஏழு ஓசைகளைத் தனித்தனியாகப் பதிந்து, நாடாவை அளவுகோல் வைத்துச் சம நீளத்தில் வெட்டி ஒட்டிச் சுழலாக்கினார்கள். அத்தை தொடையில் போட்ட தாளம் முதலில் நாடாத் துண்டுகளின் நீளமாக இருந்தது! 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் வார்த்தையே இல்லாமல் கதறும் கிளேர் டோரி, கூலியாக முப்பது பவுண்டு வாங்கிக்கொண்டு பாடிவிட்டுப் போனவர். 2005-இல்தான் வழக்கு சமரசமாகி, இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. அசல் என்று நாம் கும்பிடுவதே இப்படிப் பலர் வெட்டி, ஒட்டி, கூலிக்குப் பாடிச் சேர்ந்ததுதான். அந்த வரிசையின் கடைசியில் அண்ணா சாலைச் சந்தில் ஒருவர் முள்ளைத் தூக்கி வைத்திருக்கிறார் என்றே இப்போது நினைக்கிறேன். அவரை அந்த வரிசையில் சேர்க்காமல் என் கணக்கு முடியாது.

1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், மனிதருக்கு மிகவும் பிடித்துப்போகும் பாட்டுகள் அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது ஆகும்போது பிரபலமாக இருந்தவை என்று கண்டார்கள். என் கதை அதில் அடங்கவில்லை. அந்தத் தட்டுகள் பிரபலமானபோது நான் அரைக்கால் சட்டைப் பையன். வயதைக் கணக்கெடுத்தவர்கள், யார் கையிலிருந்து வாங்கினாய் என்றும் கேட்டிருக்கலாம். சிற்றலை, தளர்ந்த பெல்ட், அத்தையின் ஈரக் கை, அண்ணன் நிரப்பிய பதினெட்டு நிமிடம் எல்லாம் கலந்ததுதான் நான் கேட்ட இசை. அது வேறு எவரிடமும் இல்லை. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து சிடி கேட்கும்போது வந்த துக்கம் போய்விட்டது. சிடி நன்றாகவே இருக்கிறது. வாட்டர்ஸின் குரல் அந்தச் சுருதியில்தான் இருக்கிறது. இரண்டையும் இரண்டு இசையாகக் கேட்கப் பழகிவிட்டேன்.

சென்னை ஈரத்தில் கேசட்டில் பூஞ்சை படரத் தொடங்கியதும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்படி மகளிடம் கொடுத்தேன். ஏற்றிவிட்டு வந்தாள்.

"அப்பா, சுருதி ஏறியிருக்கு. மூணு பர்சன்ட் குறைச்சா சரியாயிடும். குறைக்கட்டுமா?"

"உன்னோட காப்பியில குறைச்சுக்கோம்மா. என்னோடது அப்படியே இருக்கட்டும்."

குறைத்துக்கொண்டாள். 'அஸ் அண்ட் தெம்' வெட்டையும் சிடியிலிருந்து எடுத்துச் சரி செய்துகொண்டாள். ஆனால் வரிசையை மாற்றவில்லை. 'எக்ளிப்ஸ்' முடிந்ததும் 'சைல்ட் இன் டைம்', பிறகு 'ஸ்டேர்வே'. அதோடு, நான் கேட்டே இராத ஒரு பாட்டைக் கடைசியில் சேர்த்திருந்தாள். ரேடியோஹெட் குழு 2001-இல் வெளியிட்ட 'பிரமிட் சாங்'.

இது ஏன் என்று கேட்டேன்.

"ஸ்டேர்வே கடைசியில துணைக்கு எதுவும் இல்லாம குரல் மட்டும் நிக்குதுல்ல? அதுக்கப்புறம் பியானோ மட்டும் தனியா வந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

கடை அண்ணன் சொன்ன காரணத்தை அவளிடம் நான் சொன்னது அதற்குப் பிறகுதான்.

'பிரமிட் சாங்' பிடிபடாத பாட்டு. பியானோ எங்கே விழுகிறது, எங்கே தாமதிக்கிறது என்று ஊகிக்கவே முடியவில்லை. ஏழு போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. ஐந்தும் நிற்கவில்லை. பாதியில் டிரம்ஸ் நுழைந்த பிறகுதான் ஏதோ தெரிந்தது. மகள் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டினாள்.

"மூணு, மூணு, நாலு, மூணு, மூணு."

கூட்டினால் பதினாறு. எட்டு அட்சரத்து ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு இரண்டு வைத்தால் கணக்கு சரியாக அடைகிறது. முதலிலிருந்து போடச் சொன்னேன். அவள் மேசையில் தட்ட, நான் தொடையில் ஆதி தாளம் போட்டேன். முதல் சுற்றில் நாலு வரும் இடத்தில் என் விரல் எண்ணிக்கை பிசகியது. "நடுவுல வர்ற நாலை மட்டும் கவனிங்கப்பா" என்றாள். அடுத்த சுற்றில் இருவரும் சமத்தில் வந்து சேர்ந்தோம்.